கவசக்காரனின் இருபத்து நான்கு நொடி

அந்த இரும்புக் கவசத்துக்குள் ஆள் கிடையாது. வெறும் கவசம்தான் நடந்து வரும். இரண்டு கையிலும் கோடாலி. முதல் கோடாலியை இடுப்பு உயரத்துக்கு வீசும். இரண்டாவதைத் தரையோடு தரையாக வீசும். பிறகு ஒரு எம்பு எம்பி எதிராளியின் தலைமேல் வந்து விழும். அதற்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான். ஆனாலும் எட்வர்ட் பள்ளிக்கூட விடுமுறைகள் அத்தனையையும் அதனிடம் அடி வாங்கியே தீர்த்தான். பிறகு வளர்ந்து, வேலைக்குப் போய், நாலு கம்பெனி பார்த்தபின் அதற்கு ‘காண்ட்ராக்டர்’ என்று பெயர் வைத்தான்.

“உள்ள ஆளே இல்ல பாரு. அடி மட்டும் கரெக்டா உழும்,” என்பான்.

விளையாட்டின் உண்மைப் பெயர் கவரைப்பேட்டையில் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. டிவி கேமோடு வந்த கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படம் வாங்கின வாரமே கிழிந்துவிட்டது. பேய் பங்களா என்பார்கள். நீண்ட கழியின் முனையில் எரியும் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவன், இடியும் மின்னலுமாக இருக்கிற பாழடைந்த கோட்டைக்குள் ஏறுவான். அந்த விளக்கால்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு மாடியின் கடைசியிலும் ஒரு பெரிய எதிரி. அதை வீழ்த்தினால் மேலேயிருந்து சாவி விழும்; சாவியை எடுத்தால் அடுத்த மாடி. முதல் மாடியில் வௌவால் கூட்டமாகச் சிதறி மறுபடி பெண்ணாகச் சேரும் ஒரு சீமாட்டி. இரண்டாவதில் தலையில்லாத குதிரைக்காரன். எட்வர்ட் அகராதியில் அவன் ‘எச்.ஆர்.’. மூன்றாவதில் கவசம். நாலாவது மாடியை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

விக்டோரியா எட்வர்டின் தங்கை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காருக்குப் பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் கம்பெனியில் மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட் ஆபரேட்டர். காலை ஷிப்ட் முடிந்ததும், பஜாரில் செருப்புக்கடை மாடியில் நடக்கும் பி.எல்.சி. வகுப்புக்குப் போவாள். பி.எல்.சி. என்பது ‘இப்போது இதைச் செய், இத்தனை நொடி கழித்து அதைச் செய்’ என்று மெஷின்களுக்குக் கட்டளை போடும் சின்னப் பெட்டி. அந்த வகுப்பின் சான்றிதழ் இருந்தால் அவளுடைய கம்பெனியில் மெயின்டனன்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவளுக்கு அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி இருபத்தைந்து முடிகிறது. செய்முறைத் தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. ஆக, ஞாயிற்றுக்கிழமை தோற்றால் மெயின்டனன்ஸ் கதவு சாத்தியதுதான். ஆயுசுக்கும் அதே மெஷின் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

தேர்வுக்கு ஆளுக்கொரு மாதிரி செய்து காட்ட வேண்டும். வகுப்பில் ஆறு பேர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினார்கள். இரண்டு பேர் லிப்ட். விக்டோரியா, கவசத்தைத் தானாக அடித்து வீழ்த்தும் ஒரு மெஷின் செய்யப்போவதாகச் சொன்னாள்.

வகுப்பை நடத்தும் வெங்கடேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “டிவி கேமா? பாட்டில் செய்யேம்மா. பாட்டில்ல இன்னா கொறை?”

“சென்சார் இருக்கு, டைமர் இருக்கு, அவுட்புட் இருக்கு சார். எல்லாமே இருக்கு.” சொல்லிவிட்டு அவளே சந்தேகப்பட்டாள். “இருக்குல்ல சார்?”

பக்கத்து பெஞ்சிலிருந்த அன்புசெல்வன் சிரித்தான். டிராபிக் சிக்னல் செய்துகொண்டிருந்தவன் அவன். “எங்க ஊட்லயும் இந்த கேம் கீது. தலயில்லாத குதிரக்காரன் வரிக்கும் போயிருக்கேன். விக்டோரியா, உன் மிஷின் ஜெயிச்சிட்சின்னா எனக்கு ஒண்ணு செஞ்சி குடு. நான் படுத்துக்கினே பாக்கறேன்.”

அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. சீமாட்டி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பறப்பாள். குதிரைக்காரன் நினைத்தால் வருவான். கவசம் அப்படியில்லை. கதவு சாத்தும்போது விளக்குக்காரன் அசையாமல் மண்டியிட்டிருந்தால், அது எப்போதும் ஒரே மாதிரிதான் சண்டை போடும். இதை அவள் நாற்பது தடவை பார்த்து நோட்டில் எழுதியிருந்தாள். ஒரு சுற்றுக்கு ஆறு நொடி. 1.2ல் கோடாலி தூக்கும், 1.8ல் வீசும், 3.0ல் இரண்டாவது கோடாலி. நாலு சுற்றும் சாகாமல் திருப்பி அடித்தால் கவசம் உதிர்ந்துவிடும். அந்த அறைக்கென்று ஒரு ஆர்கன் இசை உண்டு, சர்ச்சுக்கு இழுத்துப்போவது மாதிரி, ஆனால் சர்ச்சுக்கே பயந்தது மாதிரி. அதையும் அளந்திருந்தாள். சரியாக இருபத்து நான்கு நொடியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாலு சுற்றுக்கு ஒரு பாட்டு. இது எதற்கும் பயன்படாது என்று தெரிந்தும் எழுதி வைத்தாள்.

அந்த நோட்டில் தினமும் மூன்று கட்டம் போடுவாள். என்ன நடந்தது, எத்தனை நொடி, தப்பு யாருடையது. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் ‘நான்’ என்று இருக்கும்.

அது கம்பெனியில் பழகின கை. அச்சிலிருந்து சொத்தைப் பாகம் வந்தால் சிவப்பு அட்டை எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘ஆபரேட்டர் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் மெஷின் மறுபடி ஓடும். வேறு எதையாவது எழுதினால் லைன் நிற்கும்; நாலு பேர் வந்து சுற்றி நிற்பார்கள்; கம்பெனி பஸ் போய்விடும். அதனால் காண்ட்ராக்ட் ஆட்கள் யோசிப்பதே இல்லை. சொத்தையைக் கண்டதும் கை தானாக எழுதிவிடும். விக்டோரியா மூன்று வருஷத்தில் பத்தொன்பது அட்டை எழுதியிருந்தாள். அதில் நாலுதான் உண்மையாகவே தன் தப்பு என்று நோட்டில் ஒரு இடத்தில் குறித்திருந்தாள். குறித்ததற்குப் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள்.

மெஷின் பார்வைக்கு அழகாக இல்லை. ஒரு பலகையில் விளையாட்டு ரிமோட்டைத் திருகியிருந்தாள். அதன் மேல் ஐந்து இரும்பு விரல்கள். கரண்ட் வந்தால் ஒவ்வொன்றும் ‘டக்’ என்று கீழே குத்தும். இடம், வலம், மண்டியிடு, குதி, அடி. விரல்களை இயக்க பி.எல்.சி.க்குள் பதினான்கு டைமர்கள். டிவித் திரையின் மூலையில் ஒட்டிவைக்க ஒரு வெளிச்ச சென்சார். கவசத்தின் அறைக்குள் நுழையும் முன் திரை முழுக்கக் கறுத்து, பிறகு சிவக்கும். சிவந்த அந்த நொடியிலிருந்து டைமர்கள் ஓடத் தொடங்கும். கதவு வரைக்கும் விக்டோரியா இரும்பு விரல்களைக் கையாலேயே அழுத்தி விளையாடிக் கொண்டுவந்து விடுவாள். அதன் பிறகு அவள் கை கட்டி நிற்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் கடைசியாக ஓட்டிப் பார்த்தபோது மெஷின் பத்துக்குப் பத்து ஜெயித்தது. எட்வர்ட் டிபன் தட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். விரல்கள் தையல் மிஷின் மாதிரி தடதடத்தன. விளக்குக்காரன் குதித்தான், மண்டியிட்டான், அடித்தான். கவசம் துண்டு துண்டாக உதிர்ந்தது. சாவி விழுந்து பளபளத்தது. விக்டோரியா உடனே டிவி கேமை அணைத்தாள்.

“அட, ஏன்டி ஆப் பண்ற? சாவிய எடு. மேல இன்னா கீதுன்னு பாக்கலாம்.”

“வேணாண்ணா. இன்னொரு வாட்டி செக் பண்ணணும்.”

“பத்து வாட்டி ஜெயிச்சிட்ச்சி. இன்னும் இன்னா செக்கு?”

“பதினோராவது தடவ தோத்துட்டா?”

எட்வர்ட் தட்டைக் கீழே வைத்தான். “நீ காண்ட்ராக்டரயே அடிச்சிட்ட. ஆனா உங்கிட்ட நீயே அடி வாங்கிக்கினு கீற. பேஜாரு புடிச்ச கேசு.”

ஞாயிறு காலை அவள் ஆராதனைக்குப் போகவில்லை. மடியில் பலகையை வைத்துக்கொண்டு எட்வர்டின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, லாரிகளுக்கு நடுவே கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்தாள். வகுப்பின் மேஜை உயரம், பிளக் பாயிண்டுகளின் எண்ணிக்கை, அவற்றில் எது ஆடும் என்பதுவரை புதன்கிழமையே குறித்து வைத்திருந்தாள். டிவியின் முதுகைப் பார்க்கவில்லை.

அவளுடைய பழைய டிவி கேமின் வயருக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை. வகுப்பிலிருந்த புது டிவியின் பின்னால் தட்டையான ஒரே ஒரு துளை. விக்டோரியா மஞ்சள் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு டிவியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். நோட்டை எடுத்து நின்றபடியே ‘டிவி முதுகு’ என்று எழுதி, மூன்றாவது கட்டத்தில் ‘நான்’ என்று போட்டாள்.

“எழுதிக்கினு இருந்தா படம் வந்துடுமா?” என்றான் அன்புசெல்வன். “இரு. எங்க ஊட்ல கீற கேமுக்கு இந்தத் தட்ட வயருதான். உன் ரிமோட்டு வயரும் அதுல சேரும். கால் மணி நேரம் குடு.”

டிராபிக் சிக்னலை அப்படியே விட்டுவிட்டுப் பறந்தான். உள்ளங்கை அளவே இருந்த தன் டிவி கேமோடு அவன் திரும்பி வந்தபோது விக்டோரியாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்திருந்தார், பெயர் நர்மதா. நாற்பது வயதிருக்கும். அதுவரை எட்டு மாதிரிகள் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கோட்டையும் மின்னலும் திரையில் வந்ததும் நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துக்கொண்டார்.

“என்னம்மா இது?”

“பேய் பங்களா மேடம்.”

பின்வரிசையில் சிரித்தார்கள். விக்டோரியா நேராக மூன்றாம் மாடிக்குப் போக விடும் ரகசியக் குறியைப் போட்டு, கதவு வரை விளக்குக்காரனை நடத்திக்கொண்டு போனாள். எலும்பு நாய் ஒன்று அவனைக் கடித்தது. வீட்டில் ஒருநாளும் அது அவனைத் தொட்டதில்லை. தன் கைதான் தாமதம் என்று நினைத்துக்கொண்டாள். திரை கறுத்தது, சிவந்தது. அவள் கை கட்டி நின்றாள். விரல்கள் இறங்கின.

முதல் கோடாலி விளக்குக்காரனின் இடுப்பில் பட்ட பிறகு அவன் குதித்தான். இரண்டாவது கோடாலியின் மேல் நேராகப் போய் மண்டியிட்டான். யாருமில்லாத இடத்தில் மும்முரமாக விளக்கை வீசினான். இரண்டாம் சுற்றில் செத்தான்.

“சென்சார சரியா ஒட்டலியோ என்னவோ,” என்றாள் விக்டோரியா. ஒட்டிய இடத்தை மறுபடி அழுத்தினாள்.

இரண்டாவது தடவையும் அதேதான். குதி ஒரு பக்கம், கோடாலி ஒரு பக்கம். அந்த ஆர்கன் இசைகூடத் தன்னைத் துரத்துவது மாதிரி அவளுக்குக் கேட்டது. பயத்தில் எல்லாம் வேகமாகத்தான் கேட்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

நர்மதா ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். “ரெண்டு முயற்சி முடிஞ்சுது. பிழை அறிக்கை எழுதுங்க. இயக்கினவங்க தப்புன்னா தேர்வு அதோட முடிஞ்சுது. வேற காரணம் இருந்து, அத நீங்க நிரூபிச்சா மூணாவது முயற்சி உண்டு. பத்து நிமிஷம்.”

வெங்கடேசன் அவள் காதருகே குனிந்தார். “என் தப்புதான்னு பணிவா எழுதிக் குடுத்துடும்மா. பாவம்னு பாத்து பாஸ் மார்க் போட்டாலும் போடுவாங்க. டிவி, அது இதுன்னு எழுதினா சென்டருக்குத்தான் கெட்ட பேரு.”

தாளில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. சிவப்பு அட்டையில் இருக்கிற அதே அளவுக் கட்டம். விக்டோரியாவின் கை அதைக் கண்டதும் வேலையைத் தொடங்கிவிட்டது. ‘ஆபரேட்டர்’ என்று எழுதி முடித்து, அடுத்த வார்த்தையின் ‘த’வையும் போட்டது.

விளையாட்டை யாரும் அணைக்கவில்லை. அன்புசெல்வன் சும்மா இருக்க மாட்டாமல், பி.எல்.சி.யை நிறுத்திவிட்டு அதே விரல்களை அழுத்தி, விளக்குக்காரனை மறுபடி கவசத்தின் அறைக்குள் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். இசை ஓடியது. விக்டோரியா பேனாவை நிறுத்தினாள். இப்போது அவளுக்குப் பயம் ஒன்றும் பெரிதாக இல்லை. தோற்றாகிவிட்டது, இனி என்ன பயம். ஆனால் இசை அதே வேகத்தில்தான் கேட்டது.

“அன்பு, இந்தப் பாட்டு வேகமா கீது இல்ல?”

“எங்க ஊட்ல எப்பவும் இப்டிதான் பாடுது.”

“சாவாத. கொஞ்ச நேரம் உயிரோட இரு.”

“அதான் வரமாட்டேங்குதே!” என்றபடி அவன் விளக்குக்காரனை மூலைக்கு ஓட்டினான்.

அவள் செல்போனில் நொடிக் கடிகாரத்தை எடுத்தாள். இசை முதலிலிருந்து தொடங்கிய இடத்தில் அழுத்தினாள். மறுபடி தொடங்கிய இடத்தில் நிறுத்தினாள். இருபது. தன் விரலை நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். இருபது. நோட்டில் அந்தப் பயன்படாத வரியைத் தேடி எடுத்தாள். இருபத்து நான்கு.

தாளில் எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தாள். கீழே எழுதத் தொடங்கினாள்.

வெங்கடேசன் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா அடிச்சிட்ட?”

“தப்பா எழுதிட்டேன் சார்.”

நர்மதா தாளை வாங்கிப் படித்தார். ‘காரணம் 1: வகுப்பு டிவியில் என் வயர் சேருமா என்று முன்பே பார்க்கவில்லை. இது என் தவறு. காரணம் 2: மாற்றிப் பொருத்திய டிவி கேம் வேகமாக ஓடுகிறது. ஆறு நொடி வேலையை ஐந்து நொடியில் முடிக்கிறது. டைமர்கள் பழைய வேகத்தில் இருக்கின்றன. இது என் தவறு இல்லை.’ கடைசி வார்த்தையில் மட்டும் பேனா அழுந்திக் காகிதம் லேசாகக் கிழிந்திருந்தது.

“எப்படி நிரூபிப்பீங்க?”

விக்டோரியா நோட்டைத் திறந்து காட்டினாள். தேதி, நேரம், இருபத்து நான்கு. பிறகு செல்போனை அவர் கையிலேயே கொடுத்தாள். “நீங்களே அளந்து பாருங்க மேடம். என் விரல் தப்பா இருக்கலாம்.”

நர்மதா அளந்தார். அன்புசெல்வன் மூலையில் தொங்கிக்கொண்டு எப்படியோ இருபது நொடி உயிர் பிழைத்தான்.

“பழசு நொடிக்கு ஐம்பது படம் காட்டுற மெஷினா இருக்கும், இது அறுபது,” என்றார் நர்மதா, யாரிடமென்று இல்லாமல். “சரி. பத்து நிமிஷத்துல நாலு போச்சு.”

பதினான்கு டைமர்கள். 1.2 இருந்த இடத்தில் 1.0. 1.8 இருந்த இடத்தில் 1.5. 3.0க்கு 2.5. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு நோட்டில் பழைய எண்ணுக்கு எதிரே புது எண்ணை எழுதினாள்.

“எழுதாத, தட்டு!” என்று அன்புசெல்வன் பல்லைக் கடித்தான்.

“எழுதலன்னா எத மாத்தினேன்னு தெரியாது.”

ஒன்பதாவது நிமிஷத்தில் திரை கறுத்தது. சிவந்தது. விக்டோரியா கை கட்டி நின்றாள்.

விரல்கள் முன்னைவிட வேகமாகத் தடதடத்தன. கோடாலி வீசிய நொடியில் விளக்குக்காரன் காற்றில் இருந்தான். தரையோடு வந்த கோடாலிக்கு இரண்டாவது குதி. கவசம் எம்பியபோது அவன் அதன் அடியில் புகுந்து பின்பக்கம் போய் மண்டியிட்டிருந்தான். முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவது சுற்றின் கடைசியில் ஒரு கோடாலி அவன் தோளில் உரசிப் பாதி உயிரைக் கொண்டுபோனது. யாரோ ‘ஸ்ஸ்’ என்றார்கள். நாலாவது சுற்றில் இசை முடிந்து தொடங்கும் இடத்தில் கவசம் நின்றது. தலைக்கவசம் முதலில் விழுந்தது, பிறகு கைகள், பிறகு மீதி. உள்ளே யாரும் இல்லை.

மேலேயிருந்து சாவி விழுந்து பளபளத்தது. இரும்பு விரல்கள் அடங்கின. விளக்குக்காரன் மண்டியிட்டபடியே கிடந்தான்.

“மூணாவது சுத்துல ஏன் அடிபட்டுது?” என்றார் நர்மதா.

“தெரியல மேடம். ஏதாவது ஒரு டைமர் பத்துல ஒரு பங்கு நொடி தள்ளியிருக்கும். அது என் தப்பாத்தான் இருக்கும். பாத்துச் சொல்றேன்.”

நர்மதா மதிப்பெண் தாளில் ஏதோ எழுதி, அதைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். தேர்ச்சிக்கு ஐம்பது, அவளுக்கு அறுபத்தெட்டு. முன்னேற்பாட்டுக்கு இருபதில் ஐந்துதான் போட்டிருந்தார். விக்டோரியா அதைச் சரியென்றே நினைத்தாள். வெங்கடேசன் டிவியின் பின்பக்கத்தை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பது மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவிய எடுக்கறதுக்கு புரோகிராம் இல்லையா?” என்று கேட்டார் நர்மதா. எழுந்து போக வேண்டியவர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

“இல்ல மேடம். இதுக்கு மேல போனதே இல்ல.”

“போயிப் பாக்கணும்னு தோணலியா?”

விக்டோரியாவின் கை பழக்கத்தில் அணைக்கிற பொத்தானுக்குத்தான் போனது. அன்புசெல்வன் பாய்ந்து மறித்தான். “ஏம்மா! மூணு வாட்டி செத்துட்டு வந்திருக்கேன் உனக்காவ. எடு சாவிய!”

அவள் இரண்டு திருகாணிகளைக் கழற்றி ரிமோட்டை விரல்களுக்கு அடியிலிருந்து எடுத்தாள். விளக்குக்காரனை எழுப்பிச் சாவியின் மேல் நடத்தினாள். சாவி மறைந்தது. எட்வர்ட் பார்த்திராத கதவு திறந்தது. நாலாவது மாடி. மேலே கூரையில்லை, நிலா இருந்தது, உடைந்த மாடங்களின் மேல் கல்லால் செய்த பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. விளக்குக்காரன் மூன்று அடி வைத்தான். இடப்பக்கம் கடைசியில் இருந்த பறவை கல்லாக இருப்பதை நிறுத்திவிட்டு நேராக வந்து அவனைக் கொத்தியது. மீதமிருந்த உயிரும் போயிற்று.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நர்மதாவும்தான்.

விக்டோரியா நோட்டில் புதிய பக்கம் திருப்பினாள். ‘நாலாவது மாடி. இடப்பக்கம் கடைசிப் பறவை. மூன்றாவது அடியில் கிளம்புகிறது’ என்று எழுதினாள். எத்தனை நொடி என்று அளக்கவில்லை, அதற்குள் விளக்குக்காரன் செத்துவிட்டான். மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தாள், கொஞ்சம் பார்த்தாள், பிறகு ‘பறவை’ என்று எழுதினாள்.